பசியாறியாச்சா?

‘நேர்ந்தது’ என்ற சொல்லுக்கு முன்னால் என்ன வரும்? விபத்து, இழப்பு, அவமானம். ‘பரிசு நேர்ந்தது’ என்று யாரும் சொல்வதில்லை. அகராதி சொல்லித்தராத இந்த வழக்கை, ஏராளமான எழுத்துகளைத் திரட்டி எண்ணிப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம்.

1961இல் அமெரிக்காவில் அச்சானவற்றிலிருந்து 500 பகுதிகளை, பகுதிக்குச் சுமார் 2,000 சொற்கள் வீதம், பிரவுன் பல்கலைக்கழகத்தின் நெல்சன் பிரான்சிசும் ஹென்றி குசேராவும் தொகுத்துக் கணினியில் ஏற்றினார்கள். மொத்தம் 10 லட்சம் சொற்கள். பின்னர் பர்மிங்ஹாமில் ஜான் சின்கிளேரின் குழு, இன்னும் பெரிய தொகுப்பைக் கொண்டு 1987இல் ‘கோபில்ட்’ ஆங்கில அகராதியை உருவாக்கியது. மக்கள் உண்மையில் எழுதியதும் பேசியதுமே அதற்குச் சான்று.

தமிழிலும் தொகுப்புகள் உண்டு. ஆனால், அச்சில் வந்த தமிழே அவற்றில் அதிகம். இங்கே காலையில் நாம் கேட்கும் “பசியாறியாச்சா?” அதில் எத்தனை முறை இருக்கும்? தொகுப்பில் சேராத பேச்சு ஆய்விலும் சேராது, கணினிக்கும் தெரியாது.

வானொலியில் நான் பேசுவது காற்றோடு போய்விடுகிறது. வீட்டுப் பேச்சும் அப்படித்தான். இந்த வாரம் பாட்டியிடம் அனுமதி கேட்டு, பத்து நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஊரையும் தேதியையும் குறித்து, அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். திருத்த வேண்டாம்.