உங்களுக்குத் தெரியுமா? மராமத்து முடிந்தது... தூசி முடியவில்லை!

கொத்தனார் கிளம்பிவிட்டார். பெயிண்டர் கணக்கு முடித்துவிட்டார். வீடு முழுக்க வெள்ளைத் தூசி! துடைப்பத்தைக் கையில் எடுக்கும் முன் ஒரு நிமிடம் இங்கே வாருங்கள். திருவண்ணாமலை கோபுர உச்சி முதல் லண்டன் வீதி வரை துருவித் துருவி எடுத்து வந்திருக்கிறோம். ஒவ்வொன்றும் முத்து!

★ ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அதிலிருக்கும் தூள்கள் அத்தனையின் மேற்பரப்பையும் கூட்டினால் எவ்வளவு வரும்? இந்தியத் தர நிர்ணயப்படி கிலோவுக்குக் குறைந்தது 225 சதுர மீட்டர். ஒரு மூட்டைக்கு 11,250 சதுர மீட்டர். அதாவது 2.75 ஏக்கருக்கும் மேல்!

★ திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயில் வளாகம் சுமார் 25 ஏக்கர். அந்தப் பரப்புக்கு ஈடுகொடுக்க எத்தனை மூட்டை சிமெண்ட் வேண்டும்? நூறா? ஐம்பதா? வெறும் 9!

★ 10 மைக்ரான் கல்தூள் 10 அடி உயரக் கூரையிலிருந்து தரைக்கு இறங்க சுமார் 6 நிமிடம். அதே கல்தூள் 1 மைக்ரானாக இருந்தால்? காற்றே அசையாவிட்டாலும் சுமார் 9 மணி நேரம்! காலையில் பெருக்கிய வீடு சாயங்காலம் மறுபடி வெளுத்துக் கிடப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

★ ஃபேனைப் போட்டால் தூசி போய்விடும் என்று நினைக்கிறீர்களா? இறங்கிக்கொண்டிருந்த தூசியும் மேலே ஏறிவிடும்! முதலில் ஃபேனை அணையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு ராத்திரி பொறுங்கள். மறுநாள் ஈரத்துணியோடு மேலிருந்து கீழே வாருங்கள். பாதி வேலை மிச்சம்!

★ தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் அடிவரை போய் உட்காரும் சிலிக்கா தூளோ 4 மைக்ரானுக்கும் கீழே! கண்ணுக்குத் தெரிகிற தூசி அப்பாவி. தெரியாததுதான் வில்லன்!

★ அந்தச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்தது எப்போது? 1997! சாதாரணக் கைக்குட்டை இதைத் தடுக்காது. என்-95 மாஸ்க் தடுக்கும்!

★ சமையல் மேடைக்கு கிரானைட் அறுத்தீர்களா? கிரானைட்டில் குவார்ட்ஸ் மட்டும் குறைந்தது 20 சதவீதம். 60 வரைகூடப் போகும்! கட்டிங் மெஷினில் தண்ணீர் விட்டு அறுத்தால் அந்தத் தூள் பறக்காது. சேறாகிக் காலடியிலேயே கிடக்கும்!

★ ஆற்று மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான நைசுத் தூள் 3 சதவீதம் வரைதான் இருக்கலாம். கல்லை உடைத்து எடுக்கும் எம்-சாண்டில்? 15 சதவீதம் வரை அனுமதி. 5 மடங்கு!

★ காய்ந்த தரையை வெறும் துடைப்பத்தால் பெருக்குவது தூசியை எழுப்பி விடுகிற வேலை! ஈர மரத்தூளைத் தூவிப் பெருக்கிப் பாருங்கள். தூசி அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தச்சு ஆசாரி வேலை செய்த வீட்டில் மரத்தூள் இலவசம்!

★ 1901. லண்டன் ஹோட்டல் ஒன்றில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்து உறிஞ்சினார். மூச்சு முட்டியது. கைக்குட்டையின் அடியில் கறுப்புத் தூசி! பிறந்தது வேக்குவம் க்ளீனர்!

★ அந்த முதல் மெஷின் வீட்டுக்குள் நுழையவே நுழையாது! குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். ஜன்னல் வழியாகக் குழாய் மட்டும் உள்ளே போகும். 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளத்தைச் சுத்தம் செய்தது இதுதான்!

★ முதல் உலகப் போர் நேரம். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் தங்கியிருந்த வீரர்களுக்குக் காய்ச்சல் பரவியது. பூத்தின் 15 மெஷின்கள் களமிறங்கின. உறிஞ்சி எடுத்த தூசி எவ்வளவு? 26 டன்!

★ கையில் பிடித்து ஓட்டும் வேக்குவம் க்ளீனரைச் செய்தவர் விஞ்ஞானி அல்ல. அமெரிக்காவின் ஓஹியோவில் கடை பெருக்கிய துப்புரவுத் தொழிலாளி ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர்! ஆஸ்துமாக்காரர். மூலப்பொருள்? ஃபேன் மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை! ஆண்டு 1907!

★ ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் தூளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். இது பிறந்தது எங்கே தெரியுமா? 1940-களில், அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தில்!

★ டைல்ஸ் மேல் சிமெண்ட் பால் காய்ந்து வெள்ளையாக நிற்கிறதா? ஆசிட் பாட்டிலைத் திறக்குமுன் கீழே இருப்பது என்ன கல் என்று பாருங்கள். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் இனம். மார்பிளும் அப்படித்தான். ஆசிட் பட்டால் நுரைத்துப் பொங்கும்! பளபளப்பு அன்றோடு சரி!

★ ஆத்தங்குடி தரைக்கும் ஆசிட் எதிரி! அது சூளையில் சுட்ட ஓடு அல்ல. சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையே பார்க்காத டைல்ஸ்!

★ பாத்ரூமில் ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரையும் தூவுவீர்களா? ஐயோ, வேண்டாம்! குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் ஈப்ர போர்க்களத்தில் வீரர்கள் மேல் ஏவிவிட்டது இதே வாயுதான்!

★ கதவுக்கு வார்னிஷ் அடித்துத் துடைத்த பழைய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி காய்கிறபோது தானே சூடாகும். தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும்! விரித்துக் காயப்போட்டால் ஆபத்தில்லை!

★ பழைய பெயிண்டைச் சுரண்டுகிறீர்களா? குழந்தைகளை வெளியே அனுப்புங்கள்! வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்!

★ சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டால் அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும்! அடித்த பிறகோ அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. வெள்ளையடித்த சுவரில் இருப்பது மெல்லிய சுண்ணாம்புப் பாறை!

★ இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்க முதலில் துணிந்த ஊர் எது? நம்ம சென்னை! 1904-ல். மூலப்பொருள் மலையிலிருந்து வரவில்லை. கடல் கிளிஞ்சல்!

★ 10 அடிக்கு 10 அடி அரைக்கல் சுவர் ஒன்றை இடித்தால் எத்தனை சட்டி குப்பை வரும் என்று கேட்காதீர்கள். எத்தனை டன் என்று கேளுங்கள். 2 டன்னுக்கும் மேல்!

★ இடிபாட்டை ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வருவது சட்டப்படி தப்பு! கட்டுமானக் கழிவுக்கென்றே 2016-ல் மத்திய அரசு தனி விதி போட்டது. அதில் ஒரு நாளில் 20 டன் கழிவு உண்டாக்கியவர் 'பெரிய' ஆள் ஆனார். பொறுப்பும் செலவும் அவர் தலையில்!

★ அந்தக் கழிவு வீண் என்று யார் சொன்னது? சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் அதை அரைத்து மறுபடி ஜல்லியும் மணலுமாக்கும் ஆலைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் திறனும் நாளைக்கு 400 டன்!

★ 'மேஸ்திரி இழுத்தடிக்கிறார்' என்று புலம்புகிறீர்களா? திருவண்ணாமலை ராஜகோபுரத்தைத் தொடங்கிய கிருஷ்ணதேவராயர் 1529-ல் காலமானார். முடித்து வைத்தவர் தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர். 11 நிலை, 217 அடி!

★ இதற்கே அசந்தால் எப்படி? ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பாதியில் நின்றது. முடிந்தது 1987 மார்ச் 25-ல். உயரம் 236 அடி. தாமதம் சுமார் 400 ஆண்டு!

★ அண்ணாமலையார் கோயிலின் வடக்குக் கோபுரம் 171 அடி. கட்டியது ராஜா அல்ல. அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி! பணம்? வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கியது!

★ வீட்டு வேலை நடந்தால் நாம் பக்கத்தில் வாடகைக்குப் போகிறோம். கோயிலில் திருப்பணி நடந்தால் சுவாமியும் இடம் மாறுவார்! அதுதான் பாலாலயம். வேலை முடிந்து சுத்தம் செய்து, யாகம் வளர்த்து, அப்புறம்தான் மூலஸ்தானத்துக்குத் திரும்புவார்!

★ திருவண்ணாமலையில் அப்படித் திருப்பணி முடித்துக் கும்பாபிஷேகம் கண்ட நாள் 2017 பிப்ரவரி 6. அன்று புனித நீர் ஏறியது ஒரு கோபுரத்துக்கு அல்ல. ஒன்பதுக்கு!

★ கும்பாபிஷேகத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மண்டலாபிஷேகம் பாக்கி. எத்தனை நாள்? 48!

★ பீடத்தில் சிலையைப் பொருத்த சிமெண்ட் கிடையாது. அஷ்டபந்தனம்தான்! கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்குலியம், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். இடித்து இடித்தே பதமாக்குவார்கள். பொருள்கள் எட்டு, பிடிப்போ 12 ஆண்டு!

★ கோபுரக் கலசத்தைக் கழற்றித் துடைக்கும்போது உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? தங்கம் அல்ல. வரகு! கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் பழையதை எடுத்துவிட்டுப் புது வரகு நிரப்புவார்கள்!

★ பழைய கோயில் சுவரைப் பூசும் கலவையில் இன்றும் சுண்ணாம்போடு சேர்வது கடுக்காயும் வெல்லமும்! ஊறவைத்து, புளிக்கவைத்து, அரைத்துப் பூசுவார்கள். இனிப்புச் சுவர்!

★ கல்தூணில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க மணலை வேகமாக வீசி அடிக்கும் மெஷின் ஒரு காலத்தில் நம் கோயில்களுக்குள் புகுந்தது. அழுக்கு போனது. கூடவே கல்வெட்டு எழுத்தும் போனது! அரசே தடை போட வேண்டியதாயிற்று!

★ சுரண்டுமுன் யோசியுங்கள்! தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் ஒளிந்திருந்தது. கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. ஆண்டு 1931. ஒளிந்திருந்தது நூற்றாண்டுக் கணக்கில்!

★ அதே 1931-ல் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் பல்லவர் ஓவியம் வெளியே வந்தது! பார்த்தவர் பிரெஞ்சு ஆய்வாளர் ஜுவோ துப்ரே. ஒரே ஆண்டில் இரண்டு புதையல்!

★ பளிங்கு தாஜ்மகாலுக்கு அழுக்கெடுக்க என்ன பூசுகிறார்கள்? சேறு! முல்தானி மட்டியைக் குழைத்து அப்பி, காயவிட்டுக் கழுவுகிறார்கள். 1994-லிருந்தே நடக்கும் அழகுக் கலை!

★ திருப்பதி பெருமாள் கோயிலை ஆண்டுக்கு 4 முறை கழுவுவார்கள். பெயர் கோயில் ஆழ்வார் திருமஞ்சனம். சோப்பு இல்லை! மஞ்சள், சந்தனம், பச்சைக் கற்பூரம், நாமக்கட்டி, கிச்சிலிக் கிழங்கு என மணக்கும் கலவை. சுவரெல்லாம் கமகம!

★ சுத்தம் செய்யும் கருவியையே அடையாளமாகத் தோளில் சாய்த்து நிற்கும் நாயன்மார் யார்? அப்பர்! கையில் உழவாரம். கோயில் புல்லைச் செதுக்கிய அவர் வாழ்ந்தது 7-ம் நூற்றாண்டு. உழவாரப் படைகள் இன்றும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயில் கோயிலாகக் கிளம்புகின்றன. வயது 1,300 ஆண்டுக்கும் மேல்!

★ திருவண்ணாமலை கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்கு அடியில் பாதாள லிங்கம். 1896-ல் ரமணர் அங்கே தியானத்தில் மூழ்கியபோது அது பூச்சியும் இருட்டும் மண்டிய குழி! சீரமைத்த பிறகு 1949-ல் திறந்து வைத்தவர் யார்? அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி!

★ அதே 1949, அதே ஊர். ரமணாசிரமத்தில் மாத்ருபூதேஸ்வரர் சந்நிதிக்கும் கும்பாபிஷேகம். தேதி மார்ச் 17. ஒரே ஆண்டில் இரண்டு திருப்பணி!

★ கடைசியாக ஒன்று. கையிருப்பிலேயே சூப்பர் இதுதான்! 2,668 அடி மலை உச்சியில் கார்த்திகை தீபம். ஆயிரக்கணக்கான கிலோ நெய். நீளமான காடாத் துணித் திரி. 11 நாள் எரிந்த பிறகு கொப்பரையில் மிஞ்சுவது கரி. நம் வீட்டில் என்றால் தேய்த்துக் கழுவிக் கொட்டிவிடுவோம். இங்கே அதைப் பத்திரமாகச் சேர்த்து மை ஆக்கி, மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று முதலில் நடராஜருக்குச் சாத்துவார்கள். பிறகு பக்தர்களுக்குப் பிரசாதம். சுரண்டியெடுத்த கரியை வரிசையில் நின்று வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்ளும் ஊர் நம்ம திருவண்ணாமலை!