கம்பெனி மாறியாச்சு... நெட் மட்டும் வரலே! சிவப்பு விளக்கைப் பார்த்துத் தவிக்கும் வீடுகள்

கடலூர்:-

பழைய இன்டர்நெட் கம்பெனிக்குக் கும்பிடு போட்டாச்சு. புதுக் கம்பெனிக்குப் பணமும் கட்டியாச்சு. ஆள் வந்து ஒயர் இழுத்து, பெட்டியை மாட்டிவிட்டுப் போயாச்சு. ஆனால் நெட் மட்டும் வரவில்லை!

வீட்டு நெட்டை மாற்றுகிற பல பேருக்கு நேருகிற கதி இதுதான். இதுபற்றிய விவரம் வருமாறு:-

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். கெடிலம் கரையில் தேவநாதசாமி கோவில். எதிரே மலை மேல் ஹயக்ரீவர். முகூர்த்த நாள் வந்தால் ஊர் கொள்ளாது. ஒரே காலையில் ஜோடி ஜோடியாகக் கல்யாணம் நடக்கும். மேளமும் சமையல்காரரும் வந்தால் போதும் என்று இருந்தது அந்தக் காலம். இப்போது துபாயில் இருக்கும் அண்ணன் தாலி கட்டுவதை செல்போனில் பார்த்தாக வேண்டும். படிப்புக்கு வேண்டிக் கொள்ள ஹயக்ரீவர் மலை ஏறுகிற பையன், பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவதும் நெட்டில்தான். கடைசி தேதி நெட்டுக்காகக் காத்திருக்காது.

செல்போனில் இந்தத் தொல்லை இல்லை. 2011 ஜனவரி 20-ந் தேதி முதல் நாடு முழுவதும் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாடே வரிசையில் நின்று மாறியது நினைவிருக்கும். ஒரு எஸ்.எம்.எஸ்., ஒரு புது சிம். வேலை முடிந்தது.

வீட்டு நெட்டில் அந்த வசதி கிடையாது. பழைய கம்பெனியிடம் நீங்களே போய் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்கி, டெபாசிட் பணத்தைக் கேட்க வேண்டும். தானாக நின்றுவிடும் என்று சும்மா இருந்தால் இரண்டு பில் வரும்! இன்னொன்று: புது நெட் ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழையதை வெட்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

பெட்டிக்குத் தெரியாது!

சரி, நெட் ஏன் வரவில்லை?

2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது அது டெலிபோன் செம்புக் கம்பியிலேயே வந்தது. இப்போது வருவது கண்ணாடி இழை. அதற்குள் ஓடுவது வெளிச்சம். பழைய மோடத்துக்கு அந்த வெளிச்சத்தைப் படிக்கத் தெரியாது. அதைப் பரணில் போட வேண்டியதுதான்.

கண்ணாடி இழையில் இருந்து கண்ணாடி இழைக்கே மாறினாலும் சிக்கல் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீரியல் நம்பர். கம்பெனி தன் எக்ஸ்சேஞ்சில் அந்த நம்பரைப் பதிந்தால்தான் பெட்டி உயிர் பெறும். பல கம்பெனிகள் இதோடு விடுவதில்லை. யூசர் நேம், பாஸ்வேர்டு என்று இரண்டு கேட்கும். சொந்தக் காசில் ரவுட்டர் வாங்கி வைத்திருப்பவர்கள் மாட்டிக் கொள்வது இங்கேதான். கம்பெனி மாறியது உங்களுக்குத் தெரியும். ரவுட்டருக்குத் தெரியாது! அது பழைய பெயரையே சொல்லிக் கொண்டிருக்கும். வீடு மாறியவர் பழைய சாவியைப் போட்டுத் திருகுகிற கதைதான்.

விளக்கைப் பாருங்க!

கம்பெனிக்குப் போன் போட்டால் நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"தம்பி, நெட் வரலேப்பா."

"ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா."

"காலையில இருந்து அதைத்தாம்ப்பா பண்ணிட்டு இருக்கேன்!"

இதற்குப் பதில் "எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பா எரியுதுப்பா" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு வேறு மாதிரி போகும். அந்த விளக்கு சிவப்பு என்றால் பெட்டிக்கு வெளிச்சமே வரவில்லை. ஒயர் எங்கோ அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது முனையில் தூசி படிந்திருக்கும். பீரோவுக்குப் பின்னால் ஒயரை மடக்கித் திணிப்பவர்கள் கவனிக்க: உள்ளே இருப்பது கண்ணாடி! முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த ஒயர்களில் நிறைய கம்பத்துக்குக் கம்பம் தொங்குபவை. கம்பம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் காட்டியது. 2024 நவம்பர் 30-ல் பெஞ்சலும் இந்தப் பக்கம்தான் கரையேறியது.

பழுது பார்க்க வரும் ஊழியரிடம் ஒளியை அளக்கும் கையடக்கக் கருவி இருக்கும். "எவ்வளவு காட்டுது தம்பி?" என்று கேளுங்கள். மைனஸ் 20 வாக்கில் என்றால் நல்லது. மைனஸ் 27-க்கும் கீழே போனால் அடிக்கடி அறுந்து அறுந்து வரும்.

சிவப்பு இல்லை, 'பான்' என்ற விளக்கு மினுக் மினுக் என்று துடிக்கிறதா? வெளிச்சம் வருகிறது, பதிவு முடியவில்லை. அது கம்பெனி வேலை. பச்சை நிலையாக எரிந்தும் நெட் வரவில்லை என்றால் யூசர் நேம், பாஸ்வேர்டு விவகாரம்.

தப்பு கம்பெனி பக்கமா, வீட்டுப் பக்கமா? தீர்க்க ஒரே வழி. உங்கள் ரவுட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பெனிப் பெட்டியிலேயே ஒரு கம்ப்யூட்டரை ஒயர் போட்டு மாட்டிப் பாருங்கள். நெட் வந்தால் கோளாறு உங்கள் ரவுட்டரில். வராவிட்டால் புகார் கொடுங்கள்.

டி.வி., போன் எல்லாவற்றிலும் பாஸ்வேர்டை மாற்றி மாளவில்லையா? புதுப் பெட்டியின் வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே வைத்து விட்டால் எல்லாம் தானாக ஒட்டிக் கொள்ளும். கடைக் கேமராவை வெளியூரில் இருந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பல கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. அங்கே பழைய முறையில் கேமரா தெரியாது. மாறுவதற்கு முன்பே கேட்டுக் கொள்வது நல்லது.

புகார் நம்பர் எங்கே?

வாய் வார்த்தையாகச் சொன்ன புகாருக்கு மதிப்பில்லை. டிராய் 2012-ல் போட்ட விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் கம்பெனி நம்பர் கொடுத்தாக வேண்டும். அதில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

முன்பெல்லாம் டெலிபோன் தகராறு நுகர்வோர் கோர்ட்டுக்கு வராது என்று தட்டிக் கழித்தார்கள். 2022 பிப்ரவரி 16-ல் சுப்ரீம் கோர்ட்டு, வரும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. புகார் நம்பர், பில், பெட்டியைத் திருப்பிக் கொடுத்த ரசீது ஆகியவற்றைக் கையில் கொண்டு போக வேண்டும்.