படகில் மீன்பிடிக்கப் போகிறீர்களா? முதலில் நீரேற்ற அட்டவணையைப் பாருங்கள்

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கிள்ளான், கோலசிலாங்கூர், போர்ட்டிக்சன் பகுதிப் படகுத் துறைகளில் கார்கள் வரிசையாக நிற்கத் தொடங்கிவிடும். ஐஸ் பெட்டி, தூண்டில் கோல்கள், உயிர் இறால் வாளி, நாசி லெமாக் பொட்டலங்கள் என்று எல்லாம் படகில் ஏறும். மிதவை அங்கி மட்டும் பல படகுகளில் உட்காரும் பலகைக்கு மெத்தையாகக் கிடக்கும்.

இந்தக் காட்சியிலிருந்துதான் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் அந்த மூத்த தூண்டில்காரர் தம் பேச்சைத் தொடங்கினார். தொழிற்சாலையில் பழுதுபார்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாகச் சிறிய ஃபைபர் படகு வைத்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக மலாக்கா நீரிணையில் தூண்டில் போடுபவர். "எந்த இரைக்கு எந்த மீன் வரும் என்று கேட்க ஆயிரம் பேர் வருகிறார்கள். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை" என்பது அவருடைய முதல் குறை.

நெறியாளர் அதையே முதல் கேள்வியாக்கினார். பதில், நீர் ஏறி இறங்கும் கணக்கில் தொடங்கியது.

கடல் ஏறுவதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம், வற்றுவதற்கு ஆறு மணி நேரம். ஆனால் அந்த ஆறு மணி நேரமும் நீர் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மொத்த ஏற்ற இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று என்று நீர் நகரும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 3.6 மீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மணியில் 30 சென்டிமீட்டர்தான் இறங்கும். மூன்றாம் மணியில் 90 சென்டிமீட்டர் இறங்கிவிடும். "இன்னும் நிறையத் தண்ணீர் இருக்கிறது" என்று முதல் மணி நேரத்தைப் பார்த்து நம்பியவர்கள் மூன்றாம் மணியில் சேற்றில் தட்டி நிற்பது இதனால்தான்.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்ற இறக்கம் பெரிது, நீரோட்டமும் கடுமை. அட்டமியை ஒட்டி மந்தம். மலாய் மீனவர்கள் 'ஆயர் மாத்தி' என்று சொல்வது இந்த மந்த நாட்களைத்தான். கிழக்குக் கரையைவிட மேற்குக் கரையில் வித்தியாசம் அதிகம். கிள்ளான் துறைமுகத்தில் பெரிய ஏற்றம் 5 மீட்டர் அளவைத் தாண்டுவதுண்டு. பூலாவ் கெத்தாமில் வீடுகள் உயர்ந்த கால்களின் மேல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே என்றால், மீன் நன்றாகக் கடிப்பதும் நீர் ஓடும்போதுதான். வற்றம் தொடங்கியதும் சதுப்புக் காட்டுக்குள் இருந்த இறால், சிறுமீன் எல்லாம் ஆற்றோடு வெளியே இழுக்கப்படும். முகத்துவாரத்தில் சியாக்காப்பும் ஜெனஹாவும் அதற்காகக் காத்திருக்கும். ஆகவே தூண்டில்காரருக்கு மிகப் பிடித்த நேரம், முகத்துவாரத்தின் ஆபத்தான நேரமும் ஆகிவிடுகிறது.

வற்றும் நீர் ஆற்றிலிருந்து மேற்கு நோக்கிப் பாய்கிறது. அந்த நேரத்தில் காற்று மேற்கிலிருந்து கரையை நோக்கி அடித்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக எழும்பும். திரும்பி வரும் படகுக்கு இந்த அலை பின்னாலிருந்து வருகிறது. சிறு படகுகளில் இன்ஜின் மாட்டுவதற்காகப் பின்புறம் தாழ்வாக வெட்டப்பட்டிருக்கும். ஓர் அலை உள்ளே விழுந்தால் படகு கனத்துவிடும். இரண்டாவது அலைக்கு அது எழும்பாது.

இதைச் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தணிந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு காலையில் அவருடைய படகே கவிழ்ந்தது. மூவர் இருந்தார்கள். இருவர் மிதவை அங்கி அணிந்திருந்தனர். மூன்றாமவர் சிறுவயது முதலே ஆற்றில் நீந்திப் பழகியவர். "எனக்கு எதற்கு அண்ணே" என்று அங்கியை உட்காரப் போட்டுக்கொண்டவர். இருவரை மீனவர் படகு ஒன்று தூக்கியது. மூன்றாமவரின் உடல் மறுநாள்தான் கிடைத்தது. "அவன் என்னைவிட நன்றாக நீந்துவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அடுத்த விஷயம் சுமத்ரா காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலையிலும், சுமத்ரா பக்கமிருந்து மழை மேகங்கள் வரிசையாக நீரிணையைக் கடந்து வரும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும். மேற்கு வானில் கரிய சுவர்போல ஒரு கோடு, திடீரென்று உடலில் படும் குளிர்ந்த காற்று, இந்த இரண்டும் சேர்ந்தால் 'இன்னும் ஒரு தடவை வீசிப் பார்ப்போம்' என்ற பேச்சே கூடாது. முகத்துவாரம் அருகில் இருந்து, நீரும் அமைதியாக இருந்தால் உடனே உள்ளே வரலாம். அலை ஏற்கெனவே எழும்பிவிட்டால் உள்ளே நுழையத் துடிக்கக்கூடாது. வெளியிலேயே முன்முனையை அலைக்குச் சற்றுச் சாய்வாகக் காட்டி, மெதுவான வேகத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும். காற்று பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். இடி கேட்டால் தூண்டில் கோலைக் கீழே வைத்துவிட வேண்டும். இப்போதைய கார்பன் கோல்கள் மின்சாரத்தைக் கடத்துபவை.

நங்கூரத்தைப் பற்றியும் விரிவாகவே பேசினார். ஆழம் 6 மீட்டர் என்றால் 8 மீட்டர் கயிறு போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் படுத்துக் கவ்வும். கட்டுவது எப்போதும் முன்முனையில். வசதிக்காகப் பின்புறத்தில் கட்டினால், ஓட்டம் கடுமையாகும்போது கயிறு பின்புறத்தைக் கீழே இழுத்துத் தண்ணீரை உள்ளே வாங்கும். கயிற்றை அறுக்க ஒரு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைக்காவல். இன்ஜினை நிறுத்தும் சுருள்கயிறு ஓட்டுபவரின் உடலில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். அவர் விழுந்தால் இன்ஜினும் நிற்கும்.

ஏரியில் ஆபத்தில்லையே என்று ஓர் இளைஞர் கேட்டார். தோமான் பிடிக்கக் கென்யிர் ஏரிக்குப் போகிறவராம். 1985ல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் காடு மூழ்கி உருவான ஏரி அது. பட்ட மரங்கள் இன்னும் நீருக்குள் நிற்கின்றன. நீர்மட்டம் இறங்கும்போது சென்ற மாதம் வேகமாக ஓட்டிய அதே வழியில் இம்மாதம் மரம் இருக்கும். தெரியாத இடத்தில் மெதுவாகப் போங்கள் என்பதோடு அவர் முடித்துக்கொண்டார்.

பிடித்த மீனும் ஆளை மருத்துவமனைக்கு அனுப்பும். செம்பிலாங் மீனின் முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்களில் நஞ்சு இருக்கிறது. குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்கு, சுமார் 45 பாகை வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வரை கையை வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரைப் பார்க்க வேண்டும். புந்தால் மீனையோ தொடவே வேண்டாம் என்கிறார். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. 2023 மார்ச்சில் ஜொகூரில் அதைச் சாப்பிட்ட முதிய தம்பதியர் உயிரிழந்தனர்.

கடைசிக் கேள்வி பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு பெண்மணியிடமிருந்து வந்தது. "என் வீட்டுக்காரர் வாராவாரம் போகிறார். கைப்பேசி கிடைக்காது. எத்தனை மணி நேரம் பொறுத்து நான் பயப்பட வேண்டும், ஐயா?"

அரங்கில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அதை நீங்கள் முடிவு செய்யக்கூடாது, அம்மா. அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்" என்றார். எந்தத் துறையிலிருந்து புறப்படுகிறார், எந்தப் பக்கம் போகிறார், கூட யார், படகின் நிறம், பதிவு எண், திரும்பும் நேரம். அந்த நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆகியும் செய்தி இல்லையென்றால் 999க்கு அழைத்து அந்தத் தாளைப் படித்துக் காட்டினால் போதும். 2005 முதல் இயங்கிவரும் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குத் தகவல் போய்விடும். தேட வேண்டிய இடம் தெரிந்தால் தேடுபவர்களின் நேரம் வீணாகாது.

அவர் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவில் அப்படியொரு தாள் எப்போதும் ஒட்டியிருக்குமாம். திரும்பும் நேரத்தை எழுதுவது அவர். படகு கரை சேர்ந்ததாக அழைப்பு வந்த பிறகு அதைக் கிழித்துப் போடுவது அவருடைய மனைவி.