கம்பி போகும் தூரமெல்லாம் வழக்கு

2013 ஜூலை 30. ஜே.பி. மோர்கன் வங்கியின் மின்சார வணிகப் பிரிவு 41 கோடி டாலர் கட்டச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது. வங்கியை அந்த மேசைக்கு இழுத்து வந்தவர்கள் வாஷிங்டனில் அரசுச் சம்பளம் வாங்கும் வக்கீல்கள். கூடவே, மின்சந்தை விலைகளை வரிவரியாகப் பார்த்த பொருளியல் நிபுணர்கள்.

வங்கியிடம் கலிபோர்னியாவின் பழைய எரிவாயு மின்நிலையங்கள் சிலவற்றின் உற்பத்தியை விற்கும் உரிமை இருந்தது. சந்தை விலைக்கு விற்றால் அவை லாபம் தராது. ஆனால் அந்தச் சந்தையில் ஒரு விதி உண்டு. ஓடச் சொல்லி அழைக்கப்பட்ட நிலையத்துக்குச் சந்தை விலையில் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், குறையும் தொகையை மின்தொகுப்பை நடத்தும் அமைப்பு ஈடுகட்டும். நல்ல நோக்கத்தில் வந்த விதிதான். வங்கியின் ஆட்கள் செயற்கையாகக் குறைந்த விலை கேட்டுத் தங்கள் நிலையங்களைத் தேர்ந்தெடுக்க வைத்துவிட்டு, பிறகு அந்த ஈட்டுத்தொகையை அள்ளினார்கள் என்பது வக்கீல்களின் வழக்கு. 41 கோடியில் 28.5 கோடி அமெரிக்கக் கருவூலத்துக்கு அபராதமாகப் போனது. மீதி 12.5 கோடி முறைகேடான லாபம் என்று திரும்பப் பெறப்பட்டு, பெரும்பகுதி கலிபோர்னிய நுகர்வோருக்குப் போய்ச் சேர்ந்தது. நடந்தவற்றை ஒப்புக்கொண்ட வங்கி, விதியை மீறியதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

இந்த வக்கீல்கள் வேலை பார்க்கும் இடம் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம். ‘ஃபெர்க்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

என்ரான் கொடுத்த பாடம்

இவ்வளவு பெரிய அபராதம் போடும் அதிகாரம் ஃபெர்க்குக்கு முன்பு இருந்ததில்லை. அது கிடைக்க ஒரு மாநிலமே இருட்டில் தவிக்க வேண்டியிருந்தது.

2000-01இல் கலிபோர்னியாவில் மின்விலை தாறுமாறாக ஏறியது. சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. 2001 ஏப்ரலில், மாநிலத்தின் பெரிய மின்நிறுவனமான பி.ஜி. அண்ட் ஈ. திவால் மனு போட்டது. தபோல் மின்திட்டத்தால் இந்தியர்களுக்கும் பழக்கமான என்ரான், இந்தச் சந்தையில் விளையாடிய வித்தைகளுக்கு ‘ஃபேட் பாய்’, ‘டெத் ஸ்டார்’, ‘ரிக்கோஷே’, ‘கெட் ஷார்ட்டி’ என்று செல்லப்பெயர்கள் வைத்திருந்தது. அவற்றை விவரித்து என்ரானுக்காக வக்கீல்களே எழுதிய குறிப்புகளை 2002 மே மாதம் ஃபெர்க் வெளியிட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோஹோமிஷ் மாவட்டப் பொது மின்வாரியம் தேடிப்பிடித்த தொலைபேசிப் பதிவுகள் 2004இல் வெளியாயின. ‘பாட்டி மில்லி’களிடமிருந்து பிடுங்கிய பணத்தைப் பற்றி வர்த்தகர்கள் சிரித்துப் பேசியதை நாடே கேட்டது.

2005 ஆகஸ்டில் புதிய எரிசக்திக் கொள்கைச் சட்டம் வந்தது. சந்தையில் தில்லுமுல்லு செய்வது தனிக் குற்றமாயிற்று. ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம் விதிக்கலாம் என்றாயிற்று. அதன்பின் ஃபெர்க்கின் அமலாக்க அலுவலகம் வக்கீல்களோடு நின்றுவிடவில்லை. சந்தைத் தரவுகளில் வழக்கத்துக்கு மாறானதைத் தேடிப் பிடிக்கவே 2012இல் தனிப் பிரிவு ஒன்றை அமைத்துக்கொண்டது.

யாருக்கு அதிகாரம்?

தலைமையகம் வாஷிங்டனில், ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட், 888ஆம் எண் கட்டடம். மின்கடத்திப் பாதைகளை எல்லா உற்பத்தியாளர்களுக்கும் திறந்துவிட்ட 1996ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆணைக்கும் 888 என்றே எண். ஆணையர்கள் ஐந்து பேர். குடியரசுத் தலைவர் நியமித்து, செனட் ஒப்புதல் தர வேண்டும். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஊழியர்கள் ஏறத்தாழ 1,500 பேர். ஆணையத்தின் செலவு முழுவதும், அது ஒழுங்குபடுத்தும் நிறுவனங்களிடமிருந்தே கட்டணமாக வசூலாகிவிடுகிறது.

மாநிலம் தாண்டும் மின்சாரத்தின் மொத்த விற்பனை, அதைக் கடத்தும் கட்டணம், எரிவாயுக் குழாய்களுக்கான அனுமதி, நீர்மின் நிலைய உரிமம் எல்லாம் ஃபெர்க்கின் பொறுப்பு. வீட்டுக்கு வரும் மின்கட்டண ரசீது மாநில ஆணையங்களின் பொறுப்பு. காகிதத்தில் சுலபமான பங்கீடு. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் வக்கீல்கள் நூறு வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள்.

முதல் சண்டை ஒரு சின்ன ஊரில். ரோட் ஐலண்ட் மாநிலத்து நாராகன்செட் நிறுவனம், பக்கத்து மாசசூசெட்ஸின் ஆட்டில்பரோ நிறுவனத்துக்கு 20 வருடம் நிலையான விலையில் மின்சாரம் தருவதாக 1917இல் ஒப்பந்தம் போட்டது. போர்க்காலத்தில் செலவு ஏறியதும் நாராகன்செட்டுக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. ரோட் ஐலண்ட் ஆணையம் விலையை உயர்த்திக்கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலம் தாண்டும் விற்பனையின் விலையை ஒரு மாநிலம் தீர்மானிக்க முடியாது என்று 1927இல் தீர்ப்பானது. அதைத் தீர்மானிக்க மத்தியிலும் அப்போது சட்டம் கிடையாது. ஆக, அந்த விலையைக் கேள்வி கேட்க நாட்டில் ஒருவரும் இல்லை! அந்த ஓட்டையை அடைக்க 1935இல் கூட்டாட்சி மின்சாரச் சட்டம் வந்தது. அதை அமல்படுத்திய பழைய ஆணையத்தின் இடத்துக்கு 1977இல் வந்ததுதான் ஃபெர்க்.

அடுத்தது ஃப்ளோரிடா. ‘என் கம்பி மாநில எல்லையைத் தாண்டவே இல்லை, உங்களுக்கு என்மேல் என்ன அதிகாரம்?’ என்று கேட்டது ஃப்ளோரிடா பவர் அண்ட் லைட் நிறுவனம். கம்பி தாண்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது பக்கத்து நிறுவனத்தோடு இணைந்திருந்தது. அந்த நிறுவனம் ஜார்ஜியாவோடு இணைந்திருந்தது. பழைய ஆணையத்தின் வக்கீல்கள் இயற்பியலைத் துணைக்கு அழைத்தார்கள். இணைப்பு முனையில் எல்லா மின்சாரமும் கலந்துவிடுகிறது, அட்லாண்டாவில் ஒருவர் விளக்கைப் போட்டால் ஃப்ளோரிடாவின் ஜெனரேட்டர்களும் துளியளவாவது கூடுதலாக உழைக்கின்றன என்று பொறியாளர்களின் சாட்சியத்தை வைத்து வாதாடினார்கள். 1972இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

டெக்சாஸ் மட்டும் பிடிகொடுக்கவில்லை. மாநிலத்துக்குள்ளேயே ஒரு மின்தொகுப்பை வைத்துக்கொண்டு, மத்திய ஆணையம் விலையில் கைவைக்காதபடி பார்த்துக்கொண்டது. 1976 மே 4ஆம் தேதி இரவு, மேற்கு டெக்சாஸின் ஒரு மின்நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் சுவிட்சைப் போட்டு, ஓக்லஹோமாவுக்குச் சில மணி நேரம் மின்சாரம் அனுப்பியது. எல்லை தாண்டியதால் மத்திய அதிகாரம் வந்துவிடும் என்பது அதன் தாய் நிறுவனத்தின் கணக்கு. தகவல் தெரிந்ததும் மற்ற டெக்சாஸ் நிறுவனங்கள் பதறியடித்து இணைப்பைத் துண்டித்தன. வழக்குகள் வருடக்கணக்கில் நடந்து, கடைசியில் சமரசமாயிற்று. டெக்சாஸின் தனித்தன்மை தப்பியது. 2021 பிப்ரவரியில் கடுங்குளிரில் அந்த மின்தொகுப்பு தடுமாறியபோது வெளியிலிருந்து வாங்கக் கம்பிகள் போதவில்லை. மாநில அரசின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். டெக்சாஸின் மின்சந்தை விலைமீது ஃபெர்க்குக்கு அதிகாரம் இல்லாவிட்டாலும், மின்தொகுப்பின் நம்பகத்தன்மை பற்றிய அதிகாரம் 2005 சட்டப்படி டெக்சாஸுக்கும் பொருந்தும். அந்த வாசல் வழியாகத்தான் 2021 நெருக்கடி பற்றிய விசாரணைக்குள் ஃபெர்க் நுழைந்தது.

அறுபது நாள் கெடு

பெரிய வழக்குகள்தான் செய்தியாகின்றன. அன்றாட வேலை வேறு மாதிரி. ஒரு மின்நிறுவனம் கட்டண மாற்றம் கேட்டு மனு போட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அறுபது நாளுக்குள் ஆணையம் எதுவும் சொல்லாவிட்டால் மாற்றம் தானாகவே அமலுக்கு வரும். அதற்குள் ஆட்சேபனைகளைப் படித்து, பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் விளக்கம் கேட்டு, ஒவ்வொரு வாதத்துக்கும் பதில் சொல்லும் வரைவு ஆணையை வக்கீல் எழுதி முடிக்க வேண்டும். ஒரு வாதத்துக்குப் பதில் விட்டுப்போனாலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையைத் திருப்பியனுப்பக்கூடும்.

கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதை நியூ இங்கிலாந்து காட்டியது. 2014இல் அங்கே நடந்த மின்திறன் ஏலத்தின் முடிவுகளைப் பற்றி ஆணையர்கள் 2-2 என்று பிரிந்து நின்றார்கள். முடிவு எடுக்காததால் ஏல விலை தானாக அமலானது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனபோது, ‘ஆணையே இல்லாதபோது எதைப் பரிசீலிப்பது?’ என்ற நிலையில் 2016இல் வழக்கு தள்ளுபடியானது. 2018இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அப்படி அமலாகும் கட்டணத்தையும் எதிர்த்து வழக்குப் போட வழி செய்தது.

ஆணையர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அங்கேயும் சட்டம் குறுக்கே நிற்கிறது. வெளிப்படைக் கூட்டச் சட்டப்படி, ஐவரில் மூவர் சேர்ந்து அலுவல் பேசினால் அது முன்னறிவிப்போடு நடக்கும் கூட்டமாக இருக்க வேண்டும். அதனால் ஓர் ஆணையரின் கருத்தை இன்னொருவருக்குக் கொண்டுபோய், வரைவைத் திருத்தித் திருத்தி மூன்று ஓட்டுத் தேற்றுவதில் ஆணையர்களின் ஆலோசகர்களுக்கு நிறைய நேரம் போய்விடும்.

இன்னொரு சுவர் வக்கீல்களுக்கு நடுவிலேயே எழுப்பப்பட்டிருக்கிறது. சிக்கலான கட்டணத் தகராறு நிர்வாக நீதிபதி முன் விசாரணைக்குப் போனால், ஃபெர்க்கின் விசாரணைப் பிரிவு வக்கீல்கள் அதில் ஒரு தரப்பாகவே ஆஜராவார்கள். சாட்சி கொண்டுவருவார்கள், குறுக்கு விசாரணை செய்வார்கள். ஆணையர்களுக்கு ஆலோசனை சொல்லும் வக்கீல்கள் வேறு. ஒரே கட்டடம், ஒரே லிஃப்ட் என்றாலும் அந்த வழக்கைப் பற்றி இரு பக்கமும் பேசிக்கொள்ளக் கூடாது.

சொந்த வாழ்க்கையிலும் கட்டுப்பாடு உண்டு. மின்சாரம், எரிவாயு, எண்ணெய்க் குழாய் என்று ஆணையத்தின் பார்வைக்குள் வரும் நிறுவனங்களின் பங்குகளை ஊழியர்கள் வைத்திருக்கத் தடை. தனியார் சட்ட நிறுவனங்கள் இவர்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. பலர் அங்கே போகவும் செய்கிறார்கள். ஆனால், அரசில் இருந்தபோது நேரடியாகக் கையாண்ட வழக்கில் எதிர்த்தரப்புக்காக அரசிடம் வாதாட ஆயுள் முழுக்கத் தடை.

தோற்ற வழக்குகள்

கட்சிக்காரர் அரசு என்பதால் வெற்றி உறுதி இல்லை. சில சமயம் எதிரணியில் இன்னோர் அரசு வக்கீலே நிற்பார். 2006இல் கவிழ்ந்த அமரந்த் முதலீட்டு நிதியின் வர்த்தகர் பிரையன் ஹன்டருக்கு, எரிவாயு முன்பேர வணிகத்தில் விலையைச் சாய்த்ததாக ஃபெர்க் 3 கோடி டாலர் அபராதம் போட்டது. முன்பேர வணிகம் எங்கள் எல்லை என்று, சரக்கு முன்பேரச் சந்தைகளைக் கண்காணிக்கும் மத்திய ஆணையமே நீதிமன்றத்தில் ஹன்டர் பக்கம் நின்றது. 2013இல் ஃபெர்க்கின் அபராதம் ரத்தானது. பார்க்ளேஸ் வங்கிமீது 2013இல் போட்ட 43.5 கோடி டாலர் அபராதமும், நீதிமன்றத்தில் இழுபட்டு 2017இல் 10.5 கோடியில் சமரசமானது.

தர்மசங்கடமான வழக்குகளும் உண்டு. எரிவாயுக் குழாய்க்கு ஃபெர்க் அனுமதி தந்துவிட்டால், நிறுவனம் தனியார் நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளலாம். எதிர்க்கும் நில உரிமையாளர் முதலில் ஆணையத்திடமே மறுபரிசீலனை மனு போட வேண்டும். அது முடிந்த பிறகுதான் நீதிமன்றம். மனுவை முப்பது நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ‘யோசிக்க அவகாசம் வேண்டும்’ என்று ஓர் ஆணை போட்டு மாதக்கணக்கில் இழுப்பது ஃபெர்க்கில் வழக்கமாகியிருந்தது. அதற்குள் நிலத்தில் குழி தோண்டி முடிந்துவிடும். இந்த வழக்கத்தை நியாயப்படுத்தி வாதாட வேண்டியதும் அரசு வக்கீல்தான். 2020 ஜூன் 30 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாகக் கூடி, அதைச் செல்லாது என்றது.

வெற்றிகளில் பெரியது 2016 ஜனவரியில் வந்தது. உச்சநேரத்தில் மின்பயன்பாட்டைக் குறைப்பவர்களுக்கு, உற்பத்தியாளருக்குத் தருவது போலவே பணம் தரச் சொன்ன 2011ஆம் ஆண்டு ஆணையைப் பற்றிய வழக்கு அது. பயன்பாடு என்பது சில்லறை விவகாரம், மாநிலங்களின் எல்லை என்று கீழ் நீதிமன்றம் அந்த ஆணையை அடித்துவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை ஃபெர்க் தன் வக்கீல்களை வைத்தே வாதாடலாம். உச்ச நீதிமன்றத்தில் மட்டும் அரசின் சொலிசிட்டர் ஜெனரல்தான் பேசுவார். அவர் வாதாட, ஃபெர்க் 6-2 என்று வென்றது. மூன்று மாதம் கழித்து, மேரிலாந்து மாநிலம் தொடர்பான இன்னொரு வழக்கில், மத்திய சந்தை விலையை மாற்றும் விதமாக மாநிலம் போட்ட திட்டம் ஒருமனதாக ரத்தானது.

டேட்டா சென்டர் காலம்

சட்டத்தின் வாசகம் தெளிவில்லாத இடத்தில், ஆணையத்தின் பொருள்கோள் நியாயமாக இருந்தால் நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் 1984 முதல் இருந்தது. 2024 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டது. சட்டத்துக்குச் சரியான பொருள் எது என்பதை இனி நீதிபதிகளே முடிவு செய்வார்கள். ‘எங்கள் நிபுணர்கள் இப்படிப் படித்தார்கள்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாத ஃபெர்க் வக்கீல்கள், ஒவ்வொரு ஆணையிலும் தங்கள் பொருள்கோளே சரியானது என்று நிறுவ வேண்டியிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் டேட்டா சென்டர்கள் வந்து நிற்கின்றன. பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா அணுமின் நிலையத்தை ஒட்டிய அமேசான் டேட்டா சென்டருக்கு 300 மெகாவாட்டிலிருந்து 480 மெகாவாட்டாகக் கூட்டித்தர அனுமதி கேட்டபோது, 2024 நவம்பரில் ஆணையம் 2-1 என்று மறுத்தது. 2025 அக்டோபரில் எரிசக்தித் துறைச் செயலர் கிறிஸ் ரைட், 20 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரும் பயனீட்டாளர்களை மின்கடத்திப் பாதையில் இணைப்பதற்கு மத்திய விதி வகுக்குமாறு ஃபெர்க்கைப் பணித்தார். 2026 ஏப்ரல் 30க்குள் முடிவு வேண்டும் என்று கெடுவும் வைத்தார்.

பயனீட்டாளரை இணைப்பது இதுவரை மாநிலங்கள் பார்த்துவந்த வேலை. மாநில ஆணையங்களின் வக்கீல்கள் ஆட்சேபனைகளோடு வந்துவிட்டார்கள். புதிய கம்பிகளுக்கான செலவை டேட்டா சென்டர்கள் தருமா, பக்கத்து வீட்டு ரசீதில் ஏறுமா என்பது அவர்கள் எழுப்பும் முதல் கேள்வி. அதைத் தீர்மானிக்கும் உரிமை வாஷிங்டனுக்கு உண்டா என்பது இரண்டாவது. முதலாவதற்குப் பொருளியல் நிபுணர்கள் அட்டவணை தந்துவிடலாம். இரண்டாவதற்கு ஃபெர்க் வக்கீல்கள் கையில் இருப்பது 1935ஆம் ஆண்டின் சட்ட வாசகமும், அதன்மேல் குவிந்த தீர்ப்புகளும்தான்.