சாரைக்கும் நாகத்துக்கும் கல்யாணமா?

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஆலைக்குப் பின்னால், காம்பவுண்டு சுவருக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே சீமைக்கருவேலம் மண்டிய ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஒரு நாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே முப்பது பேர் கூடி நின்றார்கள். "சார், சீக்கிரம் வாங்க, பாம்பு டான்ஸ்!" என்று செக்யூரிட்டி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் இரண்டு பெரிய பாம்புகள். உடம்பின் முன்பாதியைத் தரையிலிருந்து தூக்கி, கயிறு திரித்தாற்போல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஆடின. விழுந்தன, எழுந்தன, மறுபடி சுற்றின.

பக்கத்தில் நின்ற கேண்டீன் அக்கா எனக்கு விளக்கம் சொன்னார்: "ஒண்ணு சாரை, ஒண்ணு நல்ல பாம்பு. சாரைதான் ஆம்பளை, நல்லது பொம்பளை. இதுகூட தெரியாதா சார்?" இன்னொருவர், வெள்ளைத் துணியை மேலே போட்டு எடுத்து வீட்டில் வைத்தால் நல்லது நடக்கும் என்று சொல்லி ஸ்டோர்ஸுக்கு ஆள் அனுப்பினார். துணி வந்து சேர்வதற்குள் பாம்புகள் கிளம்பிவிட்டன. அன்று ராத்திரிக்குள் வீடியோ மூன்று வாட்ஸப் குழுக்களில் எனக்கே திரும்பி வந்தது, 'அபூர்வக் காட்சி' என்ற தலைப்போடு.

அந்த வீடியோவை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரண்டுமே சாரை. கழுத்தில் படம் இல்லை, கண்கள் பெரியவை, உடம்பின் பின்பகுதியில் இரண்டுக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கோடுகள். அதைவிட முக்கியம், இரண்டுமே ஆண். அந்த 'டான்ஸ்' மல்யுத்தம். எதிராளியின் தலையைத் தரையோடு அமுக்குவதுதான் விதி. கடிப்பது கிடையாது. தோற்றது நழுவி ஓடும், ஜெயித்தது அங்கேயே இருக்கும். பெண் பாம்பு எங்காவது புதருக்குள் இருந்திருக்கலாம், நாம் யாரும் அதைப் பார்க்கவில்லை. சாரைகள் உண்மையில் இணை சேரும்போது பெரும்பாலும் தரையோடு தரையாகக் கிடக்கும். ஆண், பெண்ணின் முதுகோடு ஒட்டி ஊர்ந்து வாலை வாலோடு சேர்க்கும். வீடியோ எடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இருக்காது. (ஆண் பாம்புக்குப் புணர்ச்சி உறுப்பு இரண்டு, இடம் ஒன்று வலம் ஒன்று. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தும்.)

சரி, இதை அக்காவிடம் சொல்லலாம் என்று போனேன். "அப்ப சாரைக்கும் நல்லதுக்கும் சேரவே சேராதா? ஏன் சேராது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பி.இ. படித்தவன், பயாலஜியைப் பத்தாவதோடு விட்டவன். அந்த 'ஏன்' என்னைக் குன்றல் பகுப்பு என்ற பாடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. பரீட்சைக்காகப் படம் வரைந்து மறந்துபோன அதே பாடம்தான்.

உடம்பு வளர்வதற்குச் செல்கள் பிரியும்போது நடப்பது எளிது. குரோமோசோம்களை நகல் எடுத்து, ஆளுக்கு ஒரு செட் கொடுத்துப் பிரித்துவிடும். 46 இருந்தால் இரண்டு செல்லிலும் 46. ஆனால் முட்டைக்கும் விந்துக்கும் அப்படிச் செய்ய முடியாது. அம்மா 46, அப்பா 46 கொடுத்தால் பிள்ளைக்கு 92 ஆகிவிடும், பேரனுக்கு 184. அதனால் பாதியாகக் குறைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பாதியை வெட்டினாலும் உதவாது. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் சரியாக ஒன்று வர வேண்டும்.

இதற்குச் செல் கையாளும் வழி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை நகல் எடுக்கிறது. பிறகு, அம்மாவிடமிருந்து வந்த 1-ஆம் குரோமோசோம், அப்பாவிடமிருந்து வந்த 1-ஆம் குரோமோசோமைத் தேடிக் கண்டுபிடித்து நீளவாக்கில் ஒட்டிக்கொள்கிறது. ஏரிக்கரையில் நாம் பார்த்ததாக நினைத்த அந்தப் பிணைப்பு, நிஜமாக நடக்கும் இடம் இதுதான். ஒட்டியிருக்கும்போது இரண்டும் சில இடங்களில் அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு மறுபடி சேர்கின்றன. பாடப்புத்தகத்தில் இதன் பெயர் குறுக்கே கலத்தல். மென்பொருள்காரர்கள் இரண்டு ஃபைலை வரிக்கு வரி ஒப்பிட்டு மெர்ஜ் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். இந்த முடிச்சுகள் கலப்புக்கு மட்டுமல்ல, ஜோடியை இறுக்கிப் பிடித்துச் சரியாக இரண்டு பக்கமும் இழுப்பதற்கும் தேவை. அதன்பின் முதல் பிரிவில் ஜோடிகள் பிரிகின்றன, இரண்டாவது பிரிவில் நகல்கள் பிரிகின்றன. ஒன்று நான்காகிறது, ஒவ்வொன்றிலும் பாதி எண்ணிக்கை.

பாம்புகளில் அதிகம் காணப்படும் எண்ணிக்கை 36, அதாவது 18 ஜோடி. எந்த ஜோடியிலிருந்து எது வரும் என்பது காசு சுண்டுவது போல. 2-ஐ 18 முறை பெருக்கினால் 2,62,144 விதமான முட்டைகள். மனிதனின் 23 ஜோடிக்கு 83,88,608. குறுக்கே கலத்தலை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது அக்காவின் கேள்விக்கு வரலாம். ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டும் வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும். நமக்குத் தெரிந்த உதாரணம் கோவேறு கழுதை. குதிரைக்கு 64, கழுதைக்கு 62, இரண்டுக்கும் பிறப்பதற்கு 63. அது நன்றாக வளர்கிறது, மூட்டை சுமக்கிறது, ஏனென்றால் உடம்பு வளரும் செல் பிரிவில் ஜோடி தேட வேண்டியதில்லை. முட்டையோ விந்தோ உண்டாக்கும்போதுதான் ஜோடி கிடைக்காமல் வேலை நின்றுபோகிறது. கோவேறு கழுதை குட்டி போட்டால் அது செய்தியாகிவிடும் அளவுக்கு அபூர்வம். குதிரையும் கழுதையும் ஒரே பேரினம், நெருங்கிய சொந்தம். அவற்றுக்கே இந்தக் கதி.

சாரையும் நல்ல பாம்பும் வேறு வேறு குடும்பங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வழி பிரிந்தவை. கலந்தால் கரு உருவாவதே நடக்காது, குன்றல் பகுப்பு வரை போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு சில சமயம் மற்ற பாம்புகளைத் தின்னும். ஆகையால் அதுவும் சாரையும் ஒரே இடத்தில் இருந்தால், உறவு எந்த மாதிரி முடியும் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த நம்பிக்கையின் தர்க்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பா சாரை, அம்மா நாகம் என்றால், பிறக்கும் பையன்கள் எல்லாம் முழுச் சாரை, பெண்கள் எல்லாம் முழு நாகம் என்று ஆக வேண்டும். படமும் விஷமும், எல்லா வித்தியாசமும், ஆண்-பெண்ணைத் தீர்மானிக்கும் அந்த ஒரே குரோமோசோமில் உட்கார்ந்திருக்க வேண்டும். தப்புதான். ஆனால் பாம்பின் பால் குரோமோசோமைத் தேடிப்போனவர் ஒருவர் கண்டுபிடித்த விஷயம் கடைசியில் எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

மனிதர்களில் பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்-ஒய். முட்டைகள் எல்லாவற்றிலும் எக்ஸ்தான். விந்தில்தான் பாதி எக்ஸ், பாதி ஒய். ஆகவே பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்பா பக்கத்துச் செல் பிரிவில் முடிவாகிறது. நல்ல பாம்பு, சாரை, விரியன் போன்ற பாம்புகளில் இது தலைகீழ். ஆணுக்கு இசட்-இசட், பெண்ணுக்கு இசட்-டபிள்யூ. தீர்மானிப்பது அம்மா. பறவைகளிலும் அப்படித்தான், ஆகவே கோழியிலும்.

இதை நான் சொன்னபோது கேண்டீன் அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் மருமகளுக்கு இரண்டாவதும் பெண். வீட்டில் என்ன பேச்சு ஓடியது என்று நான் கேட்கவில்லை. "பாம்புல பொம்பளை முடிவு பண்ணுது. நம்மள்ல ஆம்பளை. அப்ப எம் பையன்தானா?" என்றார். "அவரும் முடிவு பண்ணலக்கா, காசு சுண்டுற மாதிரி" என்றேன். "அது தெரியுது. ஆனா காசு அவன் கையில இருக்குதில்ல?" என்றார். அதற்கு மேல் துல்லியமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

பாம்பின் இந்த டபிள்யூ குரோமோசோமை ஆராய்ந்தவர்களில் ஒருவர் லால்ஜி சிங். 1947-ல் பிறந்தவர், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராய் சௌத்ரியிடம் பாம்புக் குரோமோசோம்களில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். இசட்டும் டபிள்யூவும் ஒரு காலத்தில் சமமான ஜோடியாக இருந்தவை. பிறகு தமக்குள் குறுக்கே கலப்பதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டன. ஒப்பிட்டுத் திருத்த ஆள் இல்லாத ஃபைலில் குப்பை சேரும் இல்லையா, அப்படி டபிள்யூவில் ஒரே சொல் திரும்பத் திரும்ப எழுதியதுபோல் டிஎன்ஏ சேர்ந்துவிட்டது. லால்ஜி சிங் எடின்பரோவில் இருந்தபோது, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியன் ஒன்றின் டிஎன்ஏவிலிருந்து அந்தத் துணுக்கைப் பிரித்தெடுத்தார். 1980-ல் அது பற்றிய கட்டுரை வந்தது. ஜி-ஏ-டி-ஏ என்ற நான்கு எழுத்து அதில் விடாமல் திரும்பி வருகிறது.

அதே துணுக்கு மனிதர்களிலும் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எத்தனை முறை திரும்பி வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. 1980-களின் இறுதியில் ஹைதராபாதில் உள்ள சிசிஎம்பி ஆய்வகத்தில் லால்ஜி சிங் இதையே டிஎன்ஏ கைரேகைக் கருவியாக்கினார். ஒரு பிள்ளையின் ரேகையில் இருக்கும் ஒவ்வொரு கோடும் அம்மாவிடமோ அப்பாவிடமோ இருந்தாக வேண்டும். குன்றல் பகுப்பு பாதி பாதியாகப் பங்கு வைத்ததன் ரசீது அது. தலச்சேரி நீதிமன்றத்தில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில் இந்தச் சாட்சியம் முதன்முதலாக ஏற்கப்பட்டது.

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தி இறந்தார். அந்தக் கொலை வழக்கில், கொலையாளிப் பெண்ணின் சிதைந்த உடலை அடையாளம் காணும் வேலைக்கு லால்ஜி சிங்கின் டிஎன்ஏ கைரேகை முறை பயன்பட்டது. நினைவிடத்தைத் தாண்டித்தான் நான் தினமும் ஆபீஸ் போகிறேன். பாம்பில் பெண் எப்படிப் பெண்ணாகிறது என்று கேட்கப் போன ஒருவரின் கருவி, இந்த ரோட்டோரத்தில் நடந்த ஒரு குற்றத்துக்குச் சாட்சி சொன்னது என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

இன்னொரு பாம்பு பாக்கி இருக்கிறது. அது எங்கள் ஆலை வாசலில், பூந்தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. புழுப்பாம்பு. ஒரு ஜாண்கூட இருக்காது, மினுமினுப்பான கறுப்பு, கண் இருக்கும் இடத்தில் இரண்டு மங்கல் புள்ளி. மண்புழு என்று நினைத்துத் தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். காதுக்குள் புகுந்துவிடும் என்று சொல்லி அடித்துக் கொல்கிறார்கள். அது தேடுவது எறும்பு முட்டையும் கரையானும். சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றி பேட்ரிக் ரஸ்ஸல் 1796-ல் வெளியிட்ட நூலில் இதற்குப் படம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் 1803-ல் தோதன் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்.

இந்த இனத்தில் ஆணே இல்லை. எல்லாம் பெண். பெண் பாம்பு துணையில்லாமல் முட்டையிடுவது மற்ற இனங்களிலும் எப்போதாவது நடக்கும். முட்டை உருவாகும்போது நான்கில் ஒன்றுதான் முட்டையாகிறது, மற்றவை துருவச் செல்கள் என்று ஒதுக்கப்படும். விந்து வராதபோது அப்படி ஒதுக்கிய ஒன்று முட்டையோடு மீண்டும் சேர்ந்து, விந்தின் இடத்தை நிரப்பிவிடும். அமெரிக்கக் காட்டு விரியன்களில் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். புழுப்பாம்பு அந்த ரகம் இல்லை. அதற்கு விதிவிலக்கே வாழ்க்கை. 1987-ல் வந்த ஆய்வு, இதற்குக் குரோமோசோம் இரண்டு செட் அல்ல, மூன்று செட் என்று காட்டியது. மூன்றை எப்படி ஜோடி போடுவது? கோவேறு கழுதை மாட்டிக்கொண்ட அதே முட்டுச்சந்துதான்.

அமெரிக்கப் பாலைவனத்து விப்டெயில் பல்லிகளில் சில இனங்கள் இதே நிலையில் இருப்பவை. அவற்றின் தந்திரத்தை 2010-ல் கண்டுபிடித்தார்கள். குன்றல் பகுப்பு தொடங்குவதற்கு முன் குரோமோசோம்களை ஒருமுறை கூடுதலாக நகல் எடுத்துக்கொள்கின்றன. பிறகு ஒவ்வொன்றும் தன் சொந்த நகலையே ஜோடியாகப் பிடித்துக்கொள்கிறது. துண்டு மாற்றிக்கொண்டாலும் ஒன்றும் மாறாது, இரண்டும் ஒன்றுதானே. பிறக்கும் மகள் அம்மாவின் அச்சு அசல். வேடிக்கை என்னவென்றால், ஆணே இல்லாத அந்தப் பல்லிகளில் ஒரு பெண் இன்னொரு பெண்மேல் ஏறி ஆண் மாதிரியே நடந்துகொள்ளும். அப்படி நடந்தால் முட்டைகள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

புழுப்பாம்பு இப்படித் தனியாகவே, நாற்றுப் பண்ணைகளின் தொட்டி மண்ணில் ஒளிந்து, அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இணை தேட வேண்டாத ஒன்றுக்கு ஒரு தொட்டி, ஒரு கப்பல், ஒரு பாம்பு போதும். எங்கள் வாசலில் புதிதாக வந்த அரளித் தொட்டிகளோடு இன்னும் இரண்டு வந்திருப்பதாகத் தோட்டக்காரர் நேற்றுச் சொன்னார். அடிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.