அளக்கும் கருவியை அளப்பது யார்?



கோவளத்திலிருந்து மாமல்லபுரம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் திருவிடந்தையைக் கடந்தே செல்ல வேண்டும். அமைதியான இக்கடலோரச் சிற்றூரின் பெயர், 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை இங்கு நடைபெற்ற பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியால் நாடெங்கும் பேசப்பட்டது. பீரங்கிகளையும் ஹெலிகாப்டர்களையும் கண்டு வியந்தவர் பலர். ஆனால், அப்பெரும் இயந்திரங்களின் உயிர்நாடி கண்ணுக்குத் தெரியாத நுண்ணளவுகளில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஒரு துளை மயிரிழை விலகினாலும் அச்சு அதில் சேராது; சேர்ந்தாலும் நெடுநாள் ஓடாது. தளவாடங்களுக்கு மட்டுமன்று, நாம் ஏறிச் செல்லும் பேருந்துக்கும் இதுவே விதி.

நம் செங்கற்பட்டு வட்டாரம் இந்த நுண்ணளவுகளால் பிழைக்கும் வட்டாரமாகும். மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் 1999 முதல் 2022 வரை கார்களை உற்பத்தி செய்தது. அண்டையிலுள்ள ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளைச் சூழ்ந்து எழுந்த உதிரி பாகத் தொழிற்கூடங்களில் நம் இல்லத்துப் பிள்ளைகளும் பணிபுரிகின்றனர்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், டிப்ளமோ முடித்து, அப்படிப்பட்ட ஒரு தொழிற்கூடத்தின் தரக்கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் வாடிய முகத்துடன் என்னைத் தேடி வந்தார்.

“ஹஜ்ரத், ஒருவர் மீது வீண்பழி விழுந்திருக்கிறது. அதை நீக்கும் வழி எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை” என்றார்.

“முதலில் நடந்ததைச் சொல்லுங்கள் தம்பி” என்றேன். கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு இயந்திர நுட்பம் புதிது. அவர் பொறுமையுடன் விளக்கினார். நான் விளங்கிக்கொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

மாணிக்க முனை

அவருடைய பொறுப்பில் இருப்பது சி.எம்.எம். எனப்படும் முப்பரிமாண அளவீட்டு இயந்திரம். வழவழப்பான பெரிய கருங்கல் மேசை. அதன்மேல் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் நகரும் ஒரு பாலம். அதிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ஒரு தலை. தலையின் முனையில் மெல்லிய ஊசி. ஊசியின் நுனியில் செயற்கை மாணிக்கத்தாலான சிறு உருண்டை. அந்த உருண்டை உதிரி பாகத்தைத் தொட்ட மாத்திரத்தில், அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைக் கணிப்பொறி குறித்துக்கொள்ளும். இவ்வாறு பல புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு, துளையின் விட்டத்தையும் இடத்தையும் அது கணக்கிடும்.

தொட்டவுடன் சைகை தரும் இந்த உணரியை 1972இல் டேவிட் மெக்மர்ட்ரி என்ற பொறியாளர் கண்டறிந்தார். கான்கார்ட் விமானத்தின் எஞ்சினுக்குரிய குழாய்களை அளப்பதில் ஏற்பட்ட சிக்கலே அவரை அதற்குத் தூண்டியது. மறு ஆண்டில் அவரும் சேர்ந்து தொடங்கிய ரெனிஷா நிறுவனம், பின்னர் சுழலும் தலைகளையும் தயாரித்தது. அவற்றுள் பெயர்பெற்ற பி.எச்.10 வகைத் தலை இரண்டு அச்சுகளில், ஏழரை பாகை ஏழரை பாகையாகத் திரும்பும். மொத்தம் 720 நிலைகளில் அது நின்று பூட்டிக்கொள்ளும். ஒரு பாகத்தின் மேற்புறத்தை அளந்த அதே ஊசி, தலை திரும்பியதும் அதன் பக்கவாட்டையும் அளந்துவிடும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தலை திரும்பும்போது ஊசியின் நுனியும் இடம் மாறுகிறது. ஒவ்வொரு நிலையிலும் நுனி எங்கே நிற்கிறது என்பதை இயந்திரத்துக்கு முன்கூட்டியே கற்பிக்க வேண்டும். மேசைமேல் பொருத்தப்பட்ட, அளவு துல்லியமாகத் தெரிந்த ஓர் உருண்டையை எல்லா நிலைகளிலிருந்தும் தொடச் செய்து இதைக் கற்பிப்பார்கள். காலிபரேஷன் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். ஊசியை மாற்றினாலும், தலை எங்கேனும் மோதினாலும், இந்தப் பாடத்தை மீண்டும் முதலிலிருந்து நடத்தியாக வேண்டும்.

பழி யார் மீது?

அன்று 60 உதிரி பாகங்கள் தவறானவை என்று இயந்திரம் ஒதுக்கித் தள்ளியது. பக்கவாட்டுத் துளைகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 40 மைக்ரான் விலகியிருப்பதாகக் காட்டியது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 40 மைக்ரான் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழப் பாதி. ஆயினும் அனுமதிக்கப்பட்ட அளவை அது மீறியிருந்தது.

அவற்றைக் கடைந்தவர் பல்லாண்டு அனுபவமுள்ள ஒரு மூத்த தொழிலாளி. “என் கை தவறவில்லை” என்று அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. பின்னர் ஒருவர், “புரோப் தலை பழுதாகியிருக்கலாம், கழற்றி அனுப்பிவிடுவோம்” என்றார். பழுது பார்க்க ஆகும் செலவோ பெரிது. தலை திரும்பி வரும்வரை அளவீட்டு வேலையும் முடங்கும். கழற்றுமுன் ஒருமுறை சோதித்துப் பார்க்கும்படி நம் மாணவருக்கு உத்தரவாயிற்று.

அவர் சோதித்த முறையை நான் வெகுவாக இரசித்தேன். எளியதிலிருந்து அரியதை நோக்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்திருக்கிறார்.

முதலில் கண்ணால் பார்த்தார். மாணிக்க முனையில் உலோகத் துகளோ எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டியுள்ளதா, ஊசியின் திருகு இளகியுள்ளதா, கம்பி எங்கேனும் இழுபடுகிறதா, சோதனை உருண்டையின் அடித்தண்டு ஆடுகிறதா என்று பார்த்தார். பஞ்சு படாத துணியால் அனைத்தையும் துடைத்தார். அறையின் வெப்பத்தையும் பார்த்தார். உலகெங்கும் நுண்ணளவுகள் 20 பாகை செல்சியஸில்தான் கணக்கிடப்படுகின்றன. ஒரு மீட்டர் நீள எஃகு, ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் சுமார் 11 மைக்ரான் நீளும். நம் கடற்கரையின் 35 பாகை வெயிலிலிருந்து கொண்டுவந்த பாகத்தை உடனே அளந்தால் பொய்க் கணக்கே கிடைக்கும். அன்று அறையின் வெப்பம் சரியாகவே இருந்தது.

அடுத்து, தலையைத் திருப்பாமல் ஒரே நிலையில் நிறுத்தி, சோதனை உருண்டையை 25 இடங்களில் தொடச் செய்தார். உருண்டை உருண்டையாகவே தெரிந்தது. ஆகவே, தொட்டவுடன் சைகை தரும் உணரியில் குறையில்லை.

மூன்றாவதாக, தலையை வேறு நிலைக்குத் திருப்பி, மீண்டும் பழைய நிலைக்கே கொண்டுவந்து, உருண்டையின் மையத்தை அளந்தார். இப்படிப் 10 முறை செய்தார். பத்து முறையும் மையம் ஒரே இடத்தில் நின்றது. ஆகவே, தலை திரும்புவதிலும் பூட்டிக்கொள்வதிலும் குறையில்லை. இங்கே மையம் சிதறியிருந்தால் தலை பழுது என்று துணிந்து சொல்லியிருக்கலாம். அப்போதும் அதைத் தாமே திறக்காமல், தயாரித்தவர்களிடம் ஒப்படைப்பதே முறை.

நான்காவதாக, அதே உருண்டையைத் தலையின் வெவ்வேறு நிலைகளிலிருந்து அளந்தார். எந்தப் பக்கமிருந்து தொட்டாலும் மையம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால், நிலைக்கு நிலை மையம் விலகி நின்றது!

உண்மை விளங்கிவிட்டது. தலை நலமாக இருக்கிறது; அதற்குக் கற்பித்த பாடம்தான் பழையதாகிவிட்டது. ஊசி மயிரிழை நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே உறுதியாக நின்றுவிட்டது. ஒரே நிலையிலிருந்து அளக்கும்போது எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தே விலகுவதால் துளையின் விட்டம் சரியாக வந்தது. மேற்புறத்தை ஒரு நிலையிலும் பக்கவாட்டை மற்றொரு நிலையிலும் அளந்து ஒப்பிட்டபோதே பிழை வெளிப்பட்டது. விட்டங்கள் யாவும் சரியாக இருக்க, இடங்கள் மட்டும் தவறாக வந்தது அதனால்தான்.

நோட்டில் எழுதாத வரி

“ஊசி எப்படி நகர்ந்தது, தம்பி?” என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்தார். முந்தைய இரவுப் பணியில், பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சட்டத்தில் தலை இலேசாக மோதியிருக்கிறது. இயந்திரம் உடனே நின்று, பிழைச் செய்தி காட்டியிருக்கிறது. இவர் செய்தியை அழித்து, மீண்டும் இயக்கிவிட்டார். வேலை குவிந்து கிடந்ததால் காலிபரேஷன் செய்யவில்லை. மோதியதைப் பதிவு நோட்டில் எழுதவுமில்லை. அந்த ஒரு வரி விடுபட்டதற்கு, வேறொருவர் மறுநாள் தலைகுனிந்து நின்றார்.

“சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறேன், ஹஜ்ரத். இப்போது அமைதியாகக் காலிபரேஷன் செய்துவிட்டால் நாளை முதல் எல்லாம் சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது” என்றார்.

“அந்த 60 பாகங்கள்? அவற்றைச் செய்தவரின் பெயர்?” என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு எழுந்து சென்றார்.

மறுநாள் அவரே மேலாளரிடம் நடந்ததைக் கூறினார். காலிபரேஷன் முடித்து 60 பாகங்களையும் மீண்டும் அளந்தார்கள். 58 தேறின, இரண்டு மட்டும் மெய்யாகவே தவறானவை. நம் மாணவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, வேலை நிலைத்தது. அந்த மூத்த தொழிலாளி எதுவும் பேசவில்லையாம். உணவு இடைவேளையில் தம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, “வா தம்பி, சாப்பிடலாம்” என்று மட்டும் அழைத்தாராம்.

நமக்குரிய பாடம்

அளவையில் மோசம் செய்யலாகாது என்பதை நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே ஓதுகின்றனர். ஆனால், அளப்பவனும் அளவுகோலும் சோதனைக்கு உட்பட்டவர்களே என்பதை நாம் அத்துணை அழுத்தமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. முற்கால இஸ்லாமிய நகரங்களின் சந்தைகளில், வணிகரின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். மர்வு நகரத்து அறிஞர் அல் காஸினி, ஹிஜ்ரி 515இல், தராசைப் பற்றியே ‘மீஸானுல் ஹிக்மா’ என்ற பெருநூலை இயற்றினார். இன்றும் நம் கடைத்தெருத் தராசுகளைச் சோதித்து அரசு முத்திரை இடுவது அதே தேவைக்காகத்தான்.

உங்கள் வீட்டிலும் அளவுகோல்கள் உண்டு. இரத்த அழுத்தக் கருவி திடீரென்று மிகையாகக் காட்டினால், பட்டையைச் சரியாகக் கட்டி, சற்று அமர்ந்து ஓய்வெடுத்து, மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் மிகையாகவே இருந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள். பிள்ளையின் மதிப்பெண் குறைந்தால் அவனை ஏசுமுன், வினாத்தாளையும் விடைத்தாளையும் ஒருமுறை புரட்டுங்கள்.

தொழிற்கூடத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருந்தால், இன்றிரவு உணவின்போது இதை அவர்களிடம் சொல்லுங்கள்: கருவி மோதினால் மறைக்காதீர்கள், நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி, முகமறியாத ஒருவரின் மானத்தைக் காக்கக்கூடும்.