மன அமைதியும் நாளாந்தத் தன்னாய்வும்: உரோம ஸ்டோயிக் மரபு பற்றிய ஒரு நோக்கு

மன அமைதி பற்றிய பேச்செழும்போதெல்லாம், அது சமூகப் பொறுப்பினின்றும் ஒதுங்கும் முயற்சியோ என்னும் ஐயம் முற்போக்குச் சிந்தனையாளரிடையே தோன்றுவதுண்டு. இவ்வையம் காரணமற்றதன்று. எனினும், உரோமப் பேரரசின் முதலிரு நூற்றாண்டுகளில் ஸ்டோயிக் மெய்யியலாளர் கைக்கொண்ட தன்னாய்வுப் பயிற்சியை நோக்குமிடத்து, அமைதியும் பொறுப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது புலனாகும்.

கி.பி. 1ஆம் நூற்றாண்டினரான செனெக்கா, சினம் பற்றிய தமது நூலின் மூன்றாம் பகுதியில் இப்பயிற்சியை விளக்குகின்றார். இரவில் விளக்கு அகற்றப்பட்ட பின்னர், அன்றைய தம் சொற்களையும் செயல்களையும் ஒன்றும் மறையாது அவர் மீள நோக்குவார். எத்தீய பழக்கத்தைத் திருத்தினோம், எக்குறையை எதிர்த்து நின்றோம், எவ்வகையில் மேம்பட்டோம் என இரவுதோறும் தம்மையே வினவிய செக்ஸ்டியஸ் என்பவர் இதில் அவருக்கு முன்னோடியாவார். நாள்தோறும் நீதிபதி முன் நிற்கவேண்டும் என அறிந்த சினம் தானே தணியும் என்பது செனெக்காவின் கருத்து. இந்நீதிமன்றில் வழக்காளியும் எதிரியும் நீதிபதியும் ஒருவரே. நோக்கமோ தண்டனையன்று, திருத்தமே.

161 முதல் 180 வரை ஆட்சிபுரிந்த பேரரசர் மார்க்கஸ் ஒறேலியஸ், தமக்கெனக் கிரேக்க மொழியில் குறிப்புகள் எழுதிவைத்தார். அவற்றுள் ஒரு பகுதி டானியூப் எல்லைப் போர்க்களங்களில் எழுதப்பட்டதாகும். பன்னிரு பிரிவுகளான அந்நூலில் சினம், புகழாசை, மரணம் ஆகியன மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. இதனைக் 'கூறியது கூறல்' என்னும் குற்றமாகக் கொள்வது பொருந்தாது. ஒருமுறை அறிந்த உண்மை அத்துடன் மனத்தில் நிலைபெற்றுவிடுவதில்லை. அதனை நாள்தோறும் புதுப்பிக்க வேண்டியுள்ளது. அப்புதுப்பித்தலின் தடயங்களே இக்குறிப்புகள் எனலாம். அமைதி வேண்டிக் கடற்கரையையும் மலையையும் நாடுவோரைச் சுட்டும் அவர், தம்முள்ளே சிறிதுபொழுது ஒதுங்கி, பின்னர் மனக்கசப்பின்றிக் கடமைக்குத் திரும்புமாறு தமக்குத் தாமே அறிவுறுத்துகின்றார்.

இம்மரபின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. அடிமையாகப் பிறந்து பின்னர் விடுதலைபெற்ற எபிக்டெட்டஸ் அதன் பேராசான்களுள் ஒருவர். அவரது சிந்தனையைப் பேரரசரான மார்க்கஸும் போற்றினார். ஆயினும் அடிமை முறை நீடித்தது; மனத்தின் சுதந்திரத்தை வலியுறுத்தியோர் உடலின் தளையை அறுக்க முனைந்தாரல்லர்.

எனவே, தன்னைத் திருத்தும் பயிற்சி சமூகத்தைத் திருத்தும் பணிக்கு மாற்றீடாகாது. ஆனால் அப்பணியில் ஈடுபடுவோர் சினத்தாலும் புகழாசையாலும் வழிதவறாதிருக்க, பொறுமையுடன் இடையறாது மேற்கொள்ளப்படும் தன்னாய்வு துணைசெய்யும். அவ்வகையில் வரும் அமைதி உலகை மறந்த உறக்கமன்று. மறுநாட் பணிக்கான ஆயத்தமே என்பது எமது துணிபு.